மறதியில் பழுது எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஞாபக மறதி என்று பத்து விதமான கோளாறுகளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். சாவி வைத்த இடம் தெரியாதது வேறு. நேற்று அறிமுகமானவரின் பெயர் வராதது வேறு. வரும் வழியில் தயிர் வாங்க மறந்தது இன்னும் வேறு. ஒன்றுக்குப் பலிக்கும் மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள சோதனையைச் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: துப்புச் சோதனை

மறந்துபோன ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒரு துப்பு தரட்டும்: முதல் எழுத்து, நடந்த இடம், கூட இருந்த ஆள்.

துப்பு கிடைத்ததும் "ஆமா, ஞாபகம் வந்துடுச்சு" என்றால் விஷயம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுக்கும்போதுதான் தடை. பெயர், நுனிநாக்கு, படிப்பு ஆகிய தலைப்புகளைப் பாருங்கள்.

துப்புக்கும் வரவில்லை, அந்த நேரத்தில் போன் பேசிக்கொண்டோ வேறு யோசனையிலோ இருந்தீர்கள் என்றால், அது உள்ளே போகவே இல்லை. பூட்டாத கதவுக்குச் சாவி தேடிப் பயனில்லை. கவனத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். சாவி, கேஸ் அடுப்பு தலைப்புகள் உங்களுக்கானவை.

முழுக் கவனத்தோடு இருந்த ஒரு நிகழ்ச்சி, உதாரணமாகப் போன வாரம் போய்வந்த கல்யாணம், எத்தனை துப்பு கொடுத்தும் சுவடே இல்லாமல் போயிருந்தால் உத்திகளில் நேரம் போக்க வேண்டாம். நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: சாவி, கண்ணாடி, பில் வைத்த இடம் தெரியவில்லை

முதல் காரணம், அதற்கென ஓர் இடம் இல்லாதது. வாசலுக்குக் கைநீட்டும் தூரத்தில் ஓர் ஆணி அல்லது கிண்ணம் வையுங்கள். உள் அறையில் வைத்தால் பத்து நாளில் பழக்கம் விட்டுப்போகும். உள்ளே நுழைந்து மூன்றாவது அடிக்குள் இருக்க வேண்டும்.

இடம் இருந்தும் தொலைகிறது என்றால், கையில் பை, காதில் போன் என்று வந்து கண்ட இடத்தில் வைக்கிறீர்கள். வைக்கும் கணத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கண்ணாடி, பிரிட்ஜ் மேல." மனதுக்குள் சொன்னால் போதாது, காதில் விழ வேண்டும். பொருளின் பெயரும் இடத்தின் பெயரும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

அடிக்கடி எடுக்காத பத்திரம், நகை, பாஸ்போர்ட் போன்றவற்றில் தவறு வேறு மாதிரி நடக்கும். "ரொம்பப் பத்திரமான இடம்" என்று புதிதாக ஓர் இடம் கண்டுபிடித்து வைப்போம். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது அந்த யோசனை திரும்பி வராது. இவற்றை "தேடினால் முதலில் எங்கே கை போகும்?" என்று கேட்டு, அந்த இடத்திலேயே வையுங்கள். பூட்டு வேண்டுமானால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: கேஸ் அடைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம்

தினமும் ஒரே மாதிரி செய்யும் வேலை இது. இன்று செய்ததும் நேற்றுச் செய்ததும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, எது இன்றையது என்று பிரிக்க முடியாமல் போகிறது. இன்றைய தடவைக்கு ஓர் அடையாளம் போட்டால் தீரும்.

ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார்கள். அதையே வீட்டிலும் செய்யலாம். ரெகுலேட்டரைச் சுட்டி, "செவ்வாய், கேஸ் மூடியாச்சு" என்று சொல்லுங்கள். கிழமைதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் நாளைக்கு இதுவும் மற்றவற்றோடு கலந்துவிடும்.

திரும்பி வந்து பார்ப்பது ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பச் சரிபார்த்தவர்களுக்குத் தங்கள் நினைவின் மேல் இருந்த நம்பிக்கைதான் குறைந்தது. சரிபார்க்கச் சரிபார்க்கச் சந்தேகம் வளரும். பூட்டைப் பத்து முறை இழுத்தும் மனம் ஆறவில்லை, வேலைக்குப் போவதே தாமதமாகிறது என்ற நிலை வந்தால் அது மறதி இல்லை. மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும் பழக்கத்துக்கு மன உத்தி எதையும் நம்பாதீர்கள். கரண்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். கையில் கரண்டி இருக்கும்வரை அடுப்பு நினைவில் இருக்கும்.

மாத்திரையும் அப்படித்தான். "போட்டேனா?" என்பதை மனதைக் கேட்டுத் தீர்மானிக்கக் கூடாது. கிழமை எழுதிய மாத்திரை டப்பா வாங்குங்கள். இல்லாவிட்டால் அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்துவிட்டால், குறிப்பாகச் சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து ஆகியவற்றில், இன்னொன்று போட்டுவிடாமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்.

அறிகுறி: அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை

எல்லா வயதினருக்கும் வரும், கவலை வேண்டாம். வாசலைத் தாண்டினாலே முந்தைய அறையின் எண்ணம் பின்னால் போய்விடும் என்பதை அமெரிக்காவின் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் ரட்வான்ஸ்கி குழுவினர் 2011இல் சோதித்துக் காட்டினார்கள். கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள், அல்லது நின்ற இடத்திலேயே கிளம்பிய இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். எழுந்திருக்கும்போதே வேலைக்கான பொருளைக் கையில் எடுப்பது இன்னும் நல்லது: தண்ணீருக்கு என்றால் காலி டம்ளர், கத்தரிக்கோலுக்கு என்றால் வெட்ட வேண்டிய பாக்கெட்.

அறிகுறி: செய்ய வேண்டிய வேலை உரிய நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை

வீட்டுச் சண்டைகள் அதிகம் கிளம்புவது இங்கிருந்துதான். "சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை" என்று திட்டு விழும். ஆனால் கேட்டால் பட்டியலை முழுதாகச் சொல்லிவிடுவார். விஷயம் உள்ளே இருக்கிறது. பால் பூத்தைத் தாண்டும் அந்த நிமிடத்தில் தட்டி எழுப்ப ஆளில்லை.

செலவில்லாத முதல் வழி, வேலையைச் சொல்லும் வாக்கியத்தை மாற்றுவது. "சாயந்திரம் தயிர் வாங்கணும்" என்ற வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள் எதுவும் இல்லை. சாயந்திரம் வந்து நம்மைக் கூப்பிடாது. "பஸ்ஸை விட்டு இறங்கி மருந்துக்கடை போர்டைப் பார்த்ததும் தயிர் வாங்குவேன்" என்று மாற்றுங்கள். "எதைப் பார்த்ததும், எதைச் செய்வேன்" என்ற இந்த அமைப்பை உளவியலாளர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து, வெறும் தீர்மானத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று நிறுவியிருக்கிறார். வாக்கியத்தை ஒரு தடவை சொல்லி, கண்ணை மூடி அந்த போர்டையும் அங்கே உங்கள் கால் திரும்புவதையும் ஐந்து விநாடி பாருங்கள். இந்த ஐந்து விநாடியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இதையும் மீறித் தவறினால் மூன்று இடங்களில் பாருங்கள்:

- தேர்ந்தெடுத்த அடையாளம் வழியில் உண்மையிலேயே கண்ணில் படுகிறதா? நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காராத நாளில் போர்டு தெரியாது. காலில் இடறும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: இறங்கும் படி, வண்டிச் சாவி, வீட்டு கேட்.
- அடையாளம் வேலைக்கு முன்னால் வருகிறதா? வீட்டு கேட்டைப் பார்த்ததும் தயிர் நினைவுக்கு வந்து பயனில்லை, கடை பின்னால் போய்விட்டது.
- ஒரே அடையாளத்தில் இரண்டு வேலைகளைக் கட்டினீர்களா? ஒன்றுதான் வரும்.

பாட்டிகள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டது சரியான யோசனை. அதில் ஒரே குறை, முடிச்சு "ஏதோ இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். என்ன என்று சொல்லாது. அடையாளத்திலேயே வேலையின் வாசனை இருக்க வேண்டும். கரண்ட் பில் கட்ட வேண்டுமா, பழைய பில்லைச் செருப்புக்குள் செருகி வையுங்கள்.

மணி பார்த்துச் செய்யும் வேலை, அதாவது "4 மணிக்கு மாமாவுக்கு போன்" போன்றது, மனதுக்குக் கஷ்டம். அதற்கு அலாரம்தான். அலாரம் வைத்தும் மறக்கிறவர்கள், வேலை செய்ய முடியாத நேரத்தில் அதை அடிக்க விடுகிறார்கள். வண்டி ஓட்டும்போது அடித்தால் தள்ளிவிட்டு மறந்துபோவோம். கை ஓயும் நேரத்துக்கு மாற்றி, அலாரத்துக்குப் பெயர் எழுதுங்கள்.

அறிகுறி: முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை

பெயர் தனித்து நிற்கும் ஒரு சத்தம். ஒருவர் தச்சர் என்று கேட்டால் உளி, இழைப்புளி, மரத்தூள் எல்லாம் கூடவே வரும். அவர் பெயர் கணேசன் என்று கேட்டால் கூடவே வருவது எதுவுமில்லை. அதனால் தொழில் நினைவிருக்கும், பெயர் போய்விடும். பெயருக்கும் கூட வர நாலு பொருள் சேர்த்துவிடுவதுதான் வைத்தியம்.

1. முதலில் காதில் சரியாக விழுந்ததா பாருங்கள். மண்டபத்தில் மேளச் சத்தத்தில் பாதிப் பெயர்தான் கேட்டிருக்கும். "மன்னிக்கணும், பேரு இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அப்போதே கேட்பது மரியாதைக் குறைவில்லை. மூன்றாம் சந்திப்பில் கேட்பதுதான் சங்கடம்.
2. உடனே ஒரு தடவை பெயர் சொல்லிப் பேசுங்கள்: "கயல்விழி, நீங்க எந்த ஊரு?" ஊர் கிடைத்தால் அதுவும் ஒரு கொக்கி.
3. பொருள் உள்ள பெயரைப் படமாக்குங்கள். முத்து, தாமரை, வேலன், கயல்விழி எல்லாம் அப்படியே படம்தான். முகத்தில் முதலில் கண்ணில் பட்ட ஒன்றோடு அதைச் சேர்க்கவும்: அடர்ந்த புருவத்தின் மேல் சாய்த்து வைத்த வேல்.
4. படம் வராத பெயர் என்றால் அதே பெயரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து இவர் தோளில் கைபோட்டு நிற்க வையுங்கள். அத்தை மகன் செந்திலும் புதிய செந்திலும் சேர்ந்து நிற்கட்டும்.
5. பேச்சுக்கு நடுவே ஒரு நிமிடம் கழித்து மனதுக்குள் எடுத்துப் பாருங்கள். விடைபெறும்போது பெயர் சொல்லி விடைபெறுங்கள். இரவு படுக்கும்போது அன்று சந்தித்தவர்களை முகத்திலிருந்து பெயருக்கு வரிசையாக ஓட்டுங்கள்.

ஐந்தாவதைச் செய்யாமல் மற்ற நான்கையும் செய்தால் மறுநாள் படம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் எடுத்துப் பார்ப்பது பெயருக்கு நன்றாகப் பலிக்கிறது என்று 1978இலேயே லாண்டவர், பியோர்க் இருவரும் காட்டினார்கள். பல் பெரிது, வழுக்கை என்று கேலிப் படம் போடுவதையும் தவிருங்கள். அது ஒருநாள் வாயில் வந்துவிடும்.

அறிகுறி: நுனிநாக்கில் நிற்கிறது, வெளியே வரவில்லை

முட்டி மோத வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போராடினால், அதே சொல்லில் அடுத்த தடவையும் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. தவறான வழியிலேயே நடந்து நடந்து அது தடமாகிவிடுகிறது.

எழுத்து வரிசையை ஓட்டுங்கள். நம் மொழியில் இது வசதி: தமிழ்ச் சொற்கள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றில் தொடங்குவதில்லை என்பது இலக்கணம். உயிரெழுத்துகள், பிறகு க, ச, த, ந, ப, ம, வ, அபூர்வமாக ஞ, ய. இவ்வளவுதான் தேட வேண்டும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் என்றால் ர, ல, ஜ, ஷ, ஹ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி நின்று போகவும். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், அல்லது யாரையாவது கேட்டுவிடுங்கள். கிடைத்ததும் இரண்டு மூன்று தடவை உரக்கச் சொல்வது கட்டாயம்.

அறிகுறி: எண்கள் நிற்பதில்லை

ஒரே நேரத்தில் மனம் தாங்குவது ஏறத்தாழ 4 துண்டுகள். இலக்கத்தைக் குறைக்க முடியாது, துண்டைக் குறைக்கலாம். 6 இலக்க ஓடிபியை மும்மூன்றாகப் படியுங்கள். பின்கோடில் முதல் மூன்று இலக்கம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது: சென்னை 600, திருச்சி 620, மதுரை 625, கோவை 641. மிச்சம் மூன்றுதான் பாடம். வங்கியின் ஐஎஃப்எஸ்சி 11 எழுத்துகள் என்று மலைக்க வேண்டாம். முதல் 4 வங்கியின் பெயர், ஐந்தாவது எப்போதும் 0, கடைசி 6 கிளை. பான் அட்டையில் நான்காவது எழுத்து தனிநபருக்கு எப்போதும் பி.

ஏடிஎம் எண்ணுக்கு எழுத்துக்கணக்கு நல்ல வழி. 4263 என்றால் சாம்பார், தோசை, ஊத்தப்பம், காப்பி. புள்ளியெழுத்தையும் சேர்த்து எண்ணுங்கள்: சா-ம்-பா-ர் 4, தோ-சை 2, ஊ-த்-த-ப்-ப-ம் 6, கா-ப்-பி 3. 1 வந்தால் பூ, தீ, கை. 0 வந்தால் அந்த இடத்தில் காலித் தட்டு. டிபன் கடை மேசையில் அவற்றை அந்த வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். இந்த எடுத்துக்காட்டை அப்படியே உங்கள் எண்ணாக வைக்காதீர்கள். பிறந்த ஆண்டும் வேண்டாம்.

அறிகுறி: பட்டியலில் இரண்டு விட்டுப்போகிறது

எழுத வசதி இருந்தால் எழுதுங்கள். கை ஈரமாக, மாவாக இருக்கும் நேரத்துக்கு வீட்டையே தாளாக்கிக்கொள்ளலாம். வாசற்படி, செருப்பு ஸ்டாண்ட், ஊஞ்சல், டிவி, சாமி அலமாரி, சமையல் மேடை, பிரிட்ஜ், பின்கட்டு என்று நடக்கும் வரிசையில் 8 இடங்கள். வாசற்படியில் தேங்காய் உடைந்து தண்ணீர் ஓடுகிறது, செருப்புக்குள் துவரம்பருப்பு, ஊஞ்சலில் சோப்பு வழுக்குகிறது. வாங்கும்போது மனதில் ஒருமுறை நடந்தால் எல்லாம் வந்துவிடும்.

தவறுவது எங்கே என்றால், படம் பின்னணியோடு கலந்துவிடுவதில். ரஷ்ய உளவியலாளர் லூரியா பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி என்ற அபார நினைவாற்றல்காரர்கூட, வெள்ளைச் சுவர் முன் வைத்த முட்டையைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார். பொருளைப் பெரிதாக்குங்கள், அசைய விடுங்கள், சத்தம் போட வையுங்கள். நேற்றைய பொருள் இன்றும் வந்து குழப்பினால், ஒருநாள் விட்டு ஒருநாள் பாட்டி வீட்டையோ அலுவலகத்தையோ பயன்படுத்துங்கள்.

அறிகுறி: படித்தது பரீட்சையில் வரவில்லை

சாதாரணக் காரணம், புத்தகத்தைத் திறந்துவைத்தே திரும்பத் திரும்பப் படிப்பது. வரிகள் பழகிப்போகும், பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி செய்த சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். படித்த இரவு நன்றாக இருப்பதாகத் தோன்றி, தேர்வன்று கைவிடுவது இதனால்தான்.

20 நிமிடம் படித்தால் மூடிவைத்து 5 நிமிடம் வெற்றுத்தாளில் எழுதுங்கள். விட்டதை மட்டும் சிவப்பில் சேர்க்கவும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்று வாரம் கழித்து என்று அதே தாளைப் பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். சுலபமாக வந்தால் இடைவெளியை நீட்டலாம், பாதிக்கு மேல் போயிருந்தால் குறைக்கலாம்.

எழுதிப் பார்த்தும் நடுவில் திக்குகிறது, முதலிலிருந்து சொன்னால்தான் வருகிறது என்றால் அது நெட்டுருவின் கோளாறு. நடுவிலிருந்து, கடைசியிலிருந்து தொடங்கிச் சொல்லிப் பழகுங்கள். வரிசை தேவைப்படும் பேச்சுக்கு அந்தாதி முறை உதவும்: ஒரு பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த பத்தியைத் தொடங்கும்படி எழுதிக்கொண்டால், ஒன்று முடியும்போதே அடுத்தது கையில் இருக்கும்.

ஒரே மாதிரியான இரண்டு பாடங்களை, உதாரணமாக இரண்டு அரச வம்சங்களின் ஆண்டுகளை, அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். நடுவில் கணக்கு போடுங்கள். தூக்கத்தை வெட்டிப் படிப்பது படித்ததையே வெட்டுவது.

அறிகுறி: எல்லாவற்றிலும் மறதி, முன்பு இப்படி இல்லை

திடீரென்று வந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணுதல் இருந்தால் உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. வயதானவர் ஒரே நாளில் ஆள் மாறிப்போனதுபோல் பிதற்றினால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்கியது என்று ஏதோ ஒன்று இருக்கலாம், அன்றே மருத்துவமனை. தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் கழித்தும் மண்டைக்குள் ரத்தம் கசிந்து மந்தம் வரலாம், "அன்னைக்கு லேசாத்தானே விழுந்தாங்க" என்று விடாதீர்கள்.

மெல்ல மெல்ல வந்திருந்தால், செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் ஒழுங்கான தூக்கம். காதுப் பரிசோதனை, ஏனென்றால் கேட்காததையும் மறதி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியல்: தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை, அடக்க முடியாத சிறுநீருக்குத் தரும் சில மருந்துகள் நினைவை மங்கவைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மது. மனச்சோர்வு. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை.

அடுத்தது ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம். சுத்த சைவம் சாப்பிடுபவர்களும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு எடுப்பவர்களும் பி12ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும். குறைவு தெரிந்து சீக்கிரம் ஈடுசெய்தால் நிறையவே திரும்பும். இவற்றைப் பார்க்காமல் ஞாபகசக்தி டானிக் வாங்குவது காசும் போய் நேரமும் போகும்.

நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பார்க்க வேண்டிய கட்டம்: ஒரே கேள்வியைப் பதில் சொன்ன சில நிமிடத்தில் மறுபடி கேட்பது, பல வருடம் நடந்த தெருவில் வழி தவறுவது, சில்லறைக் கணக்கும் வழக்கமான சமையல் முறையும் குழம்புவது, சாவியைத் தொலைப்பதோடு நில்லாமல் சாவி எதற்கு என்றே விழிப்பது. பெரும்பாலும் அவருக்கே இது தெரியாது; பக்கத்தில் இருப்பவர்தான் கவனிப்பார். அதனால் கூட இருப்பவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். போவதற்கு முன் இரண்டு வாரம், எந்த நாள், என்ன மறந்தார், துப்பு கொடுத்ததும் வந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். அவர் முன்னால் "எல்லாத்தையும் மறக்குறாரு டாக்டர்" என்று தொடங்காதீர்கள். நோட்டைக் கொடுத்துவிட்டு, முதலில் அவரைப் பேச விடுங்கள்.